மணலியின் தீயும் ஜூரோங்கின் தீயும்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடியில் மூங்கில் கழியில் துணியைக் கோத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயப்போடுகிறார்கள். நீட்டும் முன் எல்லோரும் மழை வருமா என்றுதான் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் தீயைத் தேடுகிறேன். சென்னை மணலியில் வளர்ந்தவனின் பழக்கம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து எண்ணெய் ஆலையின் உயரக் குழாய் தெரியும். அதன் உச்சிச் சுடர் சிறிதாக இருந்தால் உள்ளே எல்லாம் ஒழுங்கு. திடீரென்று பெருத்தால் அம்மா, "டேய், துணிய எடுடா" என்பார். கரி படிந்துவிடும்.

அந்தத் தீ ஏன் பெருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். இப்போது ஜூரோங் தீவில், ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் பயிற்சி. கச்சா எண்ணெயை உலையில் காய்ச்சி நெடிய கோபுரத்துக்குள் விடுவோம். அடியில் சூடு அதிகம். மேலே போகப் போகக் குறையும். ஏறும் ஆவி ஒவ்வொன்றும் தனக்கான உயரத்தில் குளிர்ந்து திரவமாகிவிடும். டீசல் கீழே, மண்ணெண்ணெய் அதற்கு மேலே, பெட்ரோலாகப் போகிற லேசான சரக்கு உச்சியில். ஆவியாகாத கனத்த குழம்பு அடியிலேயே கிடக்கும். எனக்கு இன்னும் அலுக்காத அதிசயம் இது.

போன வாரம் எனக்குச் சோதனை நாள். கோபுரத்தைத் தனியாக ஓட்டுவேன் என்று எனக்குப் பயிற்சி தரும் நஸ்ரின் கையெழுத்திட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சென்னைக்கு விமானம். நஸ்ரின் இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண், என் வயதுதான்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் 'லா' போடுவார். மதியம் சோதிக்கப் புட்டியில் எடுத்துவந்த டீசல் வெளிர்மஞ்சளாக இல்லாமல் கறுத்திருந்தது. அடியில் கிடக்க வேண்டிய கனம் மேலேறியிருக்கிறது. டீசல் எடுக்கும் அளவைக் குறைத்தேன். மிச்சம் உள்ளேயே வழிந்து அந்தக் கனத்தைக் கழுவி இறக்கும். அடுத்த மாதிரியும் கறுப்பு. உலைச் சூட்டையும் குறைத்துவிடலாம் என்று மவுஸைத் தொட்டேன்.

"போய் மக்கான் பண்ணிட்டு வாங்க. நான் பாத்துக்குறேன்," என்றார் நஸ்ரின்.

சாப்பிடச் சொல்லி என்னை நாற்காலியிலிருந்து கிளப்புகிறார், கதை முடிந்தது என்றே நினைத்தேன். "பசிக்கல. இன்னொரு சான்ஸ் குடுங்க."

"என்ன சான்ஸ்? நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. அது செட்டில் ஆக டைம் வேணும் லா. ரெண்டையும் மாத்தி ஆட்டிவிட்டா கேஸ் எல்லாம் உச்சிக் குழாய்க்குப் போய் எரியும், தீ பெருசாகும். உங்க கை சும்மா இருக்காது, அதான் அனுப்புறேன்."

தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வந்தபோது புதிய மாதிரிப் புட்டியை விளக்குக்கு நேரே பிடித்திருந்தார். வெளிர்மஞ்சள். அதன் வழியாக அவர் விரல்கள் தெரிந்தன.

"பாத்தீங்களா? நீங்க இல்லாதப்ப நல்லா நடக்குது," என்றபடியே கையெழுத்திட்டார். "மூச்சு விடுங்க லா."

விட்டேன். மாலையில் பேருந்து தீவைவிட்டு வெளியேறும்போது எங்கள் சுடர் விரல் நுனி அளவுதான் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவில் ரயிலைவிட்டு இறங்கியதும் அம்மாவை அழைத்து, வேலை உறுதியாகிவிட்டது என்றேன்.

"அங்க தீ எப்படிடா இருக்கு?"

"சின்னதாத்தான் இருக்கும்மா. அங்க?"

மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தம் கேட்டது. "இங்கயும் சின்னதுதான். துணி கொடியிலயே கெடக்கட்டும்."

ஈசூனில் என் சட்டையும் கழியில்தான் கிடந்தது.