இரண்டு வீரய்யாக்கள்

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குக் கலைப்பிரிவு மட்டும்தான் இருந்தது. தாதியர் பயிற்சிக்குப் போக விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். ஆகவே துஷாந்தினி தெமோதரைக்கு மேலே தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்திலிருந்து விடியுமுன்னே இறங்கி, பஸ் பிடித்து, பதுளைக்குப் போய்ப் படித்தாள். முதல் தடவை இரசாயனவியல் காலை வாரியது. இரண்டாம் தடவை மூன்று பாடமும் சித்தி. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு நேர்முகப் பரீட்சைக் கடிதத்துக்குக் காத்திருந்தாள்.

லயங்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் கிளாக்கர் அவற்றை வாசித்துக் கொடுப்பார். துஷாந்தினியின் அப்பா வீரய்யாவும் அம்மாவும் தோட்ட வேலையை விட்டு, ஹாலிஎலப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரட்டில் அந்த வீட்டு ஆள் ஒருவரும் இல்லை.

உறையில் 'வீரய்யா துஷாந்தினி' என்று சிங்களத்தில் அடித்திருந்தது. கிளாக்கர் எப்போதும்போல முன்னால் இருந்த பேரை மட்டும் கூப்பிட்டார். மேல் லயத்தில் இருந்த இன்னொரு வீரய்யா கையை நீட்டினார்.

அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. சேமலாப நிதிக் கடிதம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாது. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் சதீஸ்குமார் தீபாவளிக்கு வந்து பிரிக்கட்டும் என்று வைத்துவிட்டார்.

தீபாவளிக்கு முதல்நாள் சதீஸ்குமார் அந்தக் கடிதத்தோடு ஓடிவந்தான். துஷாந்தினி வாங்கித் திகதியைப் பார்த்தாள். நேர்முகப் பரீட்சை முடிந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

பின்னாலேயே பெரியவரும் மூச்சிரைக்க வந்தார். "சத்தியமா என்னோட காயிதமுன்னுதான் நெனச்சேன் தாயி. பிரிச்சாக் கிழிஞ்சிருமேன்னு சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வச்சிருந்தேன்."

"பத்திரமா வச்சீங்களாக்கும்!" என்றார் அவள் அப்பா. "தெனமும் சூடமும் காட்டுனீங்களா?"

"வெள்ளிக்கெழம மட்டும் காட்டுனேன்ப்பா."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். அன்று அவர்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை.

அப்பாவும் மகளும் கொழும்பில் சுகாதார அமைச்சுக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷர்தான், கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வீட்டு இலக்கம் போடலையே?" என்று தமிழில் கேட்டார்.

"இலக்கம் இல்லைங்க சேர்."

"இல்லாம எப்படி?"

அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த முறை விண்ணப்பிக்கச் சொன்னார். அடுத்த அறிவித்தல் வந்தபோது அவள் உயர்தரம் எழுதிய வருஷம் அதில் சேர்க்கப்படவில்லை. அதற்கடுத்தது வருவதற்குள் வயது தாண்டிவிட்டது. நடுவில் பதுளையில் ஒரு தனியார் நிலையத்தில் ஒரு வருஷம் படித்துச் சான்றிதழும் வாங்கினாள். அது தாதியர் பதிவுக்குச் செல்லாது என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது அவள் டவுனில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் வேலை செய்கிறாள். ஊசி போட அனுமதி இல்லை. புண் கழுவுவாள், கட்டுப் போடுவாள், தரை துடைப்பாள். நோயாளிகள் 'மிஸ்' என்று கூப்பிட்டால், "நான் நர்ஸ் இல்லீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவாள். கெட்டிக்காரி என்று டாக்டர் பாராட்டுவார். சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

மேல் லயத்து வீரய்யாவுக்குச் சீனி வியாதியில் குதிகால் புண்ணாகி, வாரம் இருமுறை அவளிடம்தான் வருகிறார். போன செவ்வாய்க்கிழமை அவள் கீழே குந்தி, பழைய துணியை நனைத்து நனைத்து வலிக்காமல் எடுத்தாள்.

பெரியவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "ஒன் கைபோல வராது தாயி. நீ மட்டும் நர்ஸாப் போயிருந்தா இந்நேரம் மொனராகலையோ மட்டக்களப்போ, எங்கேயோ தூக்கிப் போட்டிருப்பாங்க. இங்கேயே இருந்தது எனக்கு நல்லதாப் போச்சு."

அவள் நிமிரவில்லை.

"காலை ஆட்டாதீங்க மாமா" என்றாள்.