ஒரே வடச்சட்டி, ரெண்டு ருசி

மாட்டுக்கறி எடுக்கும் நாளில் எங்கள் வீட்டில் மூன்று சட்டிகள் அடுப்பேறும். கறிக்கு ஒன்று, காய்க்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று. பகலெல்லாம் கடலைக்காய் மண்டியில் வேலை பார்த்துவிட்டு வந்து அம்மா மூன்றையும் ஏற்றி இறக்க வேண்டும். அப்படி ஒரு சாயங்காலம், கடைசிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இடுப்பு ஒடியுது" என்றாள்.

கேட்ட மனிதர் 'ஐயோ பாவம்' என்று சொல்லியிருக்கலாம். சும்மாவாவது இருந்திருக்கலாம். எங்கள் நைனா யோசனை சொன்னார்.

"எதுக்கு மூணு சட்டி? கறிய கொத்தி வாங்கினு வந்து, காயையும் அதுலயே போட்டா ஒரே வடச்சட்டி. அர மணி நேரத்துல ஆயிடும். இத்த போயி பெரிய வேலன்னு சொல்லிக்கினு."

அம்மா பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே கதவைச் சாத்திக்கொள்வார்கள். மறுநாள் காலை ரெண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். நீங்க அந்த வடச்சட்டிய வெச்சி குடும்பம் நடத்துங்க."

அண்ணன் வீடு, அதாவது என் மாமா வீடு, அவலூர்பேட்டையில்.

நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அம்மா போன துக்கம் எனக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று இரவு நைனா செய்த கொத்துக்கறி அதைக் கெடுத்துவிட்டது. வெங்காயத்தையும் இஞ்சி பூண்டையும் வதக்கி, கறியைப் போட்டு உதிர உதிரக் கிளறி, மேலே கத்திரிக்காயைப் பொடியாக நறுக்கிக் கொட்டி, மிளகாய்த்தூள் தூவி மூடி வைத்தார். சோறும் வடிக்கவில்லை. "அதுக்கு வேற ஒரு சட்டியா?" என்று கடையிலிருந்து பன் வாங்கி வந்தார். வடச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, பன்னைப் பிய்த்து வழித்துத் தின்றோம். என் அக்காவுக்குக் கழுவ ஒரே பாத்திரம். எனக்குத் தலையில் எண்ணெய் தேய்க்க ஆளில்லை. சொர்க்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

சொர்க்கத்தில் ஒரு குறை: அங்கே தினமும் ஒரே குழம்பு. மறுநாள் கத்திரிக்காய்க்குப் பதில் கொத்தவரங்காய் வந்தது. அதற்கு மறுநாள் பூசணிக்காய். கறி மட்டும் மாறவில்லை, பன் மாறவில்லை, நைனா மாறவில்லை. அக்காதான் முதலில் பயந்தாள்.

"டேய், அம்மா வரலன்னா ஆயுசு பூரா இதத்தான்டா தின்னணும்."

அப்போதுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. இவ்வளவு பாசக்காரப் பிள்ளை எங்கள் செஞ்சியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நைனா பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவார், கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகை சைக்கிள் விடுவார். அந்த வாரம் முழுக்க அவலூர்பேட்டை பஸ் வரும்போதெல்லாம் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். கடைசி ஆள் இறங்கும் வரை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பஸ் டயரில் பஞ்சர் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தொழில்மேல் அப்படி ஒரு பக்தி!

அந்த பஸ்ஸின் கண்டக்டர் நைனாவின் சிநேகிதர். அவர்தான் சேதி கொண்டு வந்தார்.

"வந்து கூப்ட்டா வரேன்னு சொல்லுச்சுய்யா."

"அவளாதான போனா? அவளா வரட்டும்."

"இதுக்கு நடுவுல என்னை எதுக்குய்யா அலைய வுடறீங்க?" என்று கண்டக்டர் விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை என்னை பஸ் ஏற்றும் வரை நைனா கடைக்குப் போகவில்லை. காலையிலேயே கறி வாங்கி வந்து, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு ரொம்ப அக்கறையாகச் சமைத்தார். முதலில் ஒரு தூக்கை நிரப்பி மூடினார். பிறகுதான் எனக்குத் தட்டில் வந்தது. அந்த வாரத்திலேயே அருமையான கறி. தட்டை நக்கினேன்.

"இத்த அம்மாகிட்ட குடு. வான்னு கூப்புடாத. நாங்க ஜாலியா இருக்கறோம், நைனா சூப்பரா சமைக்கறாருன்னு மட்டும் சொல்லு. பஸ்ல யாராச்சும் கேட்டா புளிசோறுன்னு சொல்லிடு."

கண்டக்டர் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். கோட்டை மலை மறைவதற்குள் பக்கத்திலிருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"வாசன தூக்குதே. தூக்குல இன்னாடா கண்ணு?"

"புளிசோறு."

"உங்க வூட்ல புளிசோத்துக்குப் பட்ட கிராம்பெல்லாம் போடுவாங்களா?"

"எங்க நைனா போடுவாரு" என்றேன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

அம்மா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். தலையைத் தொட்டுப் பார்த்து, "எண்ணெயே வெக்கலியா?" என்றாள். நான் ஒப்பிக்க வேண்டியதை ஒப்பித்தேன். ஜாலி, சூப்பர், ஒரே வடச்சட்டி. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தூக்கைத் திறந்து, ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"உப்பு போட்டாரா உங்க நைனா?"

"போட்டாரும்மா. நான் தின்னுட்டுதான வந்தேன்."

"உனக்கு உப்பு சரியா இருந்துச்சா?"

"கரெக்டா இருந்துச்சு."

"இதே சட்டியில?"

"ஒரே சட்டிதாம்மா! சாமி சத்தியமா."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு வந்த மாமாவும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார்.

"தூ! உப்பு போடக்கூடத் தெரியல. இவன்லாம் ஒரு ஆம்பள!"

"போதும்ணா" என்றாள் அம்மா. "அவரப் பத்திப் பேசாத." புடவைகள் ரெண்டும் பைக்குள் போயின. அத்தை உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். அம்மா வேண்டாமென்று தூக்கை அழுத்தி மூடினாள்.

செஞ்சியில் பஸ் நின்றபோது நைனா வழக்கம்போல எழுந்து நின்றுகொண்டிருந்தார். அம்மா நேராக அவரிடம் போய்த் தூக்கை நீட்டினாள்.

"உப்பு இல்ல."

"மறந்துட்டேன்."

"மறப்பீங்க, மறப்பீங்க."

அவ்வளவுதான். அன்று இரவு அம்மா அந்தக் கறியை அதே வடச்சட்டியில் கொட்டி, உப்புப் போட்டுச் சூடாக்கினாள். பக்கத்தில் சோறும் வடித்தாள். சட்டி ரெண்டு ஆயிற்று. நைனா ரெண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கித் தின்றார்.

ஒரே சட்டிக் கறி எனக்கு உப்போடும் அம்மாவுக்கு உப்பில்லாமலும் எப்படிப் போனது? செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரை பஸ் குலுக்கிய குலுக்கலில் உப்பு ஆவியாகிவிட்டது என்று கண்டுபிடித்து, சயின்ஸ் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் என்னை பெஞ்சுமேல் ஏற்றினார். கண்டுபிடிப்பாளர்களுக்கு நேர்வதுதான்.

கல்யாணமான பிறகு, என் மனைவி கோபித்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனபோது, நானும் அதே கறியை உப்பில்லாமல் செய்து அனுப்பிப் பார்த்தேன். தூக்கு திரும்பி வந்தது. உள்ளே ஒரு பாக்கெட் கல்லுப்பு இருந்தது. நானே போய்க் கூப்பிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமையை இப்போது நினைத்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. தூக்கை நிரப்பி மூடிய பிறகு, நைனா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உப்பு ஜாடியைத் திறந்தார். ஒரு கை அள்ளி வடச்சட்டியில் போட்டார். நிதானமாகக் கிளறினார். காலித் தட்டோடு பின்னாலேயே உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: பசிக்கிறது, இந்த மனுஷன் ஏன் இவ்வளவு லேட் பண்ணுகிறார்?