பஸ் அக்காவின் பன்னிரண்டாம் வகுப்பு

பஸ் ஓட்டுகிற அக்காவுக்கு டிப்போவில் வைத்த பெயர் 'கறார்'. ஆட்கள் ஏறி முடித்ததும் கதவு மூடிவிடும். பின்னால் யார் கத்திக்கொண்டு ஓடிவந்தாலும் கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆனால் அவ்வளவு பெரிய வண்டி அவள் கையில் பூனைக்குட்டி மாதிரி திரும்பும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

அதனால்தான் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடியபோது மேலாளர் அவளைக் கூப்பிட்டார். ஒரே ஒரு சிக்கல். அந்த வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கவேண்டும். இவளோ, அம்மா படுக்கையில் விழுந்ததும் இரண்டு தம்பிகளைப் பார்த்துக்கொள்ளப் பத்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள்.

"இத்தனை வருஷமா ஓட்டுறேனே, அது பத்தாதா சார்?"

"எனக்குப் பத்தும்மா. கம்ப்யூட்டருக்குப் பத்தலையே!"

படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கென்று பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான ஒரு தேர்வு இருப்பதையும், அதற்கு மாலை வகுப்பு நடப்பதையும் மேலாளரே சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ஃபெயிலானா மானம் போயிடும்" என்றாள். அவர் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவர். "நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றார். மறுநாள் மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "கழுத்துல கத்தி வச்சிருக்கும்போது ஏதாவது பேசிக்கிட்டே இருந்தாத்தான் அவங்க ஆடாம உக்காருவாங்க" என்று சமாதானம் வேறு.

முதல் நாள் வகுப்புக்கு, டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு மூச்சிரைக்க ஓடினாள். கதவு மூடியிருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. கரும்பலகை முன்னால் நின்றது, தினமும் காலையில் தோள்பையும் சாப்பாட்டு டப்பாவுமாக அவள் வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடிவருகிற அதே இளைஞர்! அவரும் அவளைப் பார்த்துவிட்டார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "அக்கா, தினமும் உங்க வண்டியோட முதுகைத்தான் பாத்திருக்கேன். இன்னைக்குத்தான் முகத்தைப் பாக்குறேன்" என்றார்.

வகுப்பே சிரித்தது. பழிக்குப் பழிதான், கதவைச் சாத்தப்போகிறார் என்று இவள் படியிறங்கத் திரும்பினாள்.

"எங்க போறீங்க? உள்ள வாங்க. நானே இப்பத்தான் வந்தேன்."

மற்ற பாடங்கள் எப்படியோ ஏறின. கணக்குதான் மக்கர் பண்ணியது.

"எக்ஸ்னா என்ன சார்?"

"தெரியாத எண்."

"தெரியாததை எதுக்குக் கூட்டணும்? தெரிஞ்சப்புறம் கூட்டிக்கலாமே!"

வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தேர்வுத்தாள் திருத்தியவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் மட்டும் கோட்டை விட்டாள். கணவரோ பாஸ் என்றே முடிவுகட்டி ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வைத்திருந்தார். வாங்கியதை வீணாக்குவானேன் என்று அழுதுகொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அது தித்தித்த தித்திப்பில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாழ்த்துச் சொல்ல வந்து விஷயம் கேட்ட எதிர்வீட்டுத் தையல்காரி, கிண்டல் பண்ணுவாள் என்று பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நானும் அந்தக் காலத்துல கணக்குல கவுந்தவதான் அக்கா. அடுத்த தடவை நீங்க எழுதறப்போ நானும் வரேன்."

அதன்பின் கணக்கு வகுப்பு பஸ்ஸிலும் நடந்தது. வாத்தியார் கடைசி நிறுத்தம் வரை வருவார். வண்டி திரும்பக் கிளம்புகிற வரை, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்று இரண்டு கணக்குப் போட்டுக் காட்டுவார். அதற்காக ஒரு நாளாவது அவருக்காக வண்டியை நிறுத்தினாளா என்றால், இல்லை. "படிப்பு வேற, டைம் வேற சார்." ஓடி ஓடிச் சலித்த மனிதர் கடைசியில் ஒரு வண்டி முன்னதாகவே வந்து காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

இரண்டாம் முறை எழுதியதில் இரண்டு பெண்களும் தேறினார்கள். தையல்காரிக்கு மூன்று மார்க் அதிகம். "எங்க விட்டேன் அந்த மூணை?" என்று அக்கா ஒரு வாரம் புலம்பினாள். சான்றிதழின் நகல்தான் டிப்போவுக்குப் போனது. அசல் சலூன் சுவரில் ஏறிவிட்டது.

பயிற்சியின் முதல் நாள். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, "மேடம்" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது. புடவைத் தலைப்பைச் சரிசெய்வது மாதிரி யூனிஃபார்ம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

"கிளட்ச் மேல இருந்து காலை எப்ப எடுக்கறதுன்னு தெரியலை மேடம். வண்டி நின்னு நின்னு போகுது."

"அவ்வளவுதானே? எல்லாரும் எந்திரிங்க. கீழ போய் வண்டியில ஏறுவோம்" என்றாள் அக்கா. நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டபோது, அவளுக்கு ஏனோ வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.