திருமயம் கோட்டை வாசலும் மூன்று வீடியோக்களும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் திருமயம் போனதற்கு ஒரு வெள்ளைத் திட்டுதான் காரணம். பள்ளிக் கண்காட்சிக்காகக் கோட்டை வாசலை உள்ளிருந்து வீடியோ எடுத்திருந்தேன். தூண்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. வெளியே வெயிலில் இருந்த தெரு முழுக்க வெள்ளை. வரலாறு மிஸ், "கோட்டைக்கு வெளிய ஒண்ணுமே இல்லையாம்மா? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. திங்கக்கெழம காலையில சரியானதக் கொண்டு வா, இல்லாட்டி ஒன்னோடது கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

இதைச் சரிசெய்யும் வழியைப் படித்துத் தெரிந்துகொண்டேன். போனை அசைக்காமல் ஒரே காட்சியை மூன்று முறை எடுக்க வேண்டும்: ஒன்று வெளிச்சம் கூட்டி, ஒன்று நடுத்தரமாக, ஒன்று நன்றாகக் குறைத்து. பிறகு கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், முதலாவதில் வெள்ளையாகிப்போன இடத்தை மற்ற இரண்டும் நிரப்பும். நடுவில் யாராவது நடமாடினால் மட்டும் அவர் இரண்டு மூன்று இடங்களில் தெரிவார்.

துணைக்குச் சித்தப்பா வந்தார். புதுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர். காலை 9.10க்கு டவுன் பஸ். எனக்கு இலவசம், அவருக்குப் பதினெட்டு ரூபாய். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். சித்தப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு மாதம் இனிப்பே தொடுவதில்லை என்று சித்தியிடம் சத்தியம் செய்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

டிபன் பாக்ஸின்மேல் போனைச் சாய்த்து, தலைமுடி ரப்பர் பேண்டால் கட்டினேன். வாசலுக்கு வெளியே யாரும் குறுக்கே வராமல் பார்ப்பது சித்தப்பாவின் வேலை. பழைய வீடியோவைக் காட்டினேன்.

"அங்கிட்டு நான் நின்னா தெரியாதா தாயி?"

"தெரியாது சித்தப்பா. வெறும் வெள்ளைதான்."

"சுத்தமாத் தெரியாதுல்ல?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு, மிகவும் பொறுப்பாகப் போனார். இதில் என் தவறும் உண்டு. வெளிச்சம் கூட்டி எடுக்கும் முதல் வீடியோவைப் பற்றி மட்டுமே சொன்னேன். மற்ற இரண்டையும் விளக்கவில்லை.

மாலை சித்தியின் லேப்டாப்பில் மூன்றையும் அடுக்கினேன். சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், சித்தப்பா பின்னால் பெருமையாக நின்றார். வெள்ளை மெல்ல விலகியது. முதலில் தெரு. பிறகு டீக்கடை, கண்ணாடி அலமாரி, கட்டம் போட்ட சட்டை.

"அது யாரு? கையில என்ன?" என்றார் சித்தி.

"போண்டாவா இருக்கும் சித்தி."

"வெளிச்சத்த இன்னும் கொஞ்சம் கொற."

குறைத்தேன். கடித்த இடத்தில் வெல்லப் பூரணம் தெரிந்தது. போண்டா இல்லை, சுழியம். அதோடு, அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு சித்தப்பா, கையில் கடிக்காத சுழியத்தோடு நின்றார்.

"ஒண்ணுதான் தின்னேன்! நடமாடுனா ரெண்டாத் தெரியும். சொல்லு தாயி."

இரண்டாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் கடித்த சுழியம் இருந்தது நடு வீடியோவில். கடிக்காதது அதற்குப் பிறகு எடுத்த கடைசி வீடியோவில். கேட்ட பிறகு நான் எப்படிப் பொய் சொல்வது? அதையே சொன்னேன்.

"அப்ப மொத வீடியோவுல என்னங்க செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"அதுல வெறும் வெள்ளைதான் சித்தி" என்றேன். சித்தப்பா மூச்சு விட்டார்.

மறுபடி போய் எடுக்க நேரமில்லை. அவரை வெட்டினால் கடையும் தெருவும் சேர்ந்து போகும். "அப்புடியே இருக்கட்டும்" என்று சித்தி உத்தரவு போட்டார். திங்கட்கிழமை, பெற்றோரையும் அழைத்திருந்த ஒத்திகையில், பள்ளி அரங்கின் பெரிய திரையில் ஓடியது. மிஸ் இரண்டு முறை நிறுத்திப் பார்த்து, "இப்பத்தான் வெளிய ஊரு தெரியுது. சேத்துக்கறேன். இந்த ரெட்டைப் பிள்ளைக யாரும்மா?" என்று கேட்டார். பெற்றோர் வரிசையில் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா செருப்பைத் தேடுவதுபோல் குனிந்திருந்தார்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு மேல் போங்கள், அப்போதுதான் வெயில் தெருவில் முழுதாக விழும். தண்ணீரும், கனமான டிபன் பாக்ஸும் அவசியம். காவலுக்கு நிற்பவரிடம் மூன்று வீடியோவைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். எதிர்க் கடையில் சுழியம் பத்து ரூபாய். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் இப்போது வாயைத் திறப்பதில்லை.