பலகையின் வலது பாதி

கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து இரண்டாக்கி எழுதுவது என் பழக்கம். கணக்கு இடப்பக்கம் தொடங்கும், வலப்பக்கம் முடியும். எழுதும்போது வாயே திறக்க மாட்டேன். தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்துக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். எவன் பொய்யாகத் தலையாட்டுகிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

இருபது வருஷம் கழித்து நிர்வாகம் வீடியோ வகுப்பு என்று ஒன்றை ஆரம்பித்தது. நான் விழுப்புரத்தில் கேமரா முன்னால் நடத்துவேன். திண்டிவனம் கிளையில் அரியர் வைத்திருந்த ஆறு பேர் திரையில் பார்ப்பார்கள். பழைய பாடத்திட்டத்தில் அவர்களுக்கு அந்த வருஷத் தேர்வே கடைசி வாய்ப்பு. அவர்களில் ஒருத்தி பக்கத்துக் கிராமமான பெருமுக்கல்காரி, ஒரு நர்சரி பள்ளியில் ஆயா. டிகிரி முடித்தால் அங்கேயே டீச்சராக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி.

அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. குரல் மட்டும் வரும். “புரிஞ்சுதா?” என்பேன். “புரிஞ்சுது சார்!” என்று ஒரே குரலாகக் கத்துவார்கள். அடடா, என்ன பிள்ளைகள் என்று பூரித்துப் போவேன்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் திண்டிவனம் போனேன். முன்வரிசையில் இருந்த பெருமுக்கல்காரியின் நோட்டைச் சும்மா புரட்டினேன். ஒவ்வொரு கணக்கும் பாதியில் நின்றிருந்தது. மற்ற நோட்டுகளையும் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாமே பாதி. ஒரு மாதமாகக் கேமரா பலகையின் இடப்பக்கத்தை மட்டுமே காட்டியிருக்கிறது!

“ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?” என்று கத்திவிட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். “நீங்க கோட்டுக்கு அந்தாண்ட போயிடுவீங்க சார். மீதிய நாங்களே போடணும்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தோம். எல்லாரும் புரிஞ்சுதுன்னாங்க. எனக்குத்தான் மண்டையில ஏறலன்னு சும்மா இருந்துட்டேன்.”

மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸில் போய், காலையிலிருந்து சாயங்காலம்வரை பலகையோடு மல்லுக்கட்டினேன். அவளுக்குப் பள்ளியில் லீவு தரவில்லை. நாலு மணிக்கு மேல் மூச்சிரைக்க ஓடி வருவாள். ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள், நானும் பார்ப்பேன். அவளுக்குப் பாதிக் கணக்குகள் பாக்கியிருக்கும்போதே தேர்வு வந்துவிட்டது.

ஐந்து பேர் தேறினார்கள். அவளுக்கு நான்கு மதிப்பெண் குறைந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தேன். அதற்குள் அவளே பேசினாள். “பரவால்ல சார், விடுங்க. நீங்க நல்லாத்தான் நடத்துனீங்க. நாந்தான் சரியா கவனிக்கல.”

அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம். இல்லையம்மா, தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஒரு குழந்தை “ஆயாம்மா” என்று கூப்பிட்டது.

“வர்றேன் கண்ணு” என்று போனை வைத்துவிட்டாள்.