வெர்னாவை வெர்னாவே ஃபெயிலாக்கிய கதை

வெர்மான்ட் மலைக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் இருபத்துமூன்று வருஷமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டியவள் வெர்னா திபோ. வயது ஐம்பத்துநாலு. சாலைக் கண்காணிப்பாளர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும் அந்த நாற்காலி வெர்னாவுக்குத்தான் என்று ஊரே பேசியது. ஊர் மன்றத்தில் விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால், கண்காணிப்பாளர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடந்தது. எதில் பட்டம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

"லத்தீன்ல வாங்கினாலும் சரி வெர்னா, ஏதோ ஒரு டிகிரி. அதுவரைக்கும் தற்காலிகமா யாரையாவது வச்சு ஓட்டிக்கறோம்," என்றார் மன்றத் தலைவர் மெர்ல்.

போகக்கூடிய தூரத்தில் இரண்டு கல்லூரிகள். பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் பாடம், வருகைப் பதிவு, பரீட்சை எல்லாம் நேரத்துக்கு நடக்கும். குன்றின் மேல் இருந்த இன்னொன்றில் முப்பத்தோரு மாணவர்கள், நாலு ஆடுகள். அங்கே எதைப் படிப்பது, எப்போது படிப்பது, என்ன மார்க் போடுவது எல்லாமே மாணவர் பொறுப்பு.

"யாரும் உன்னைய கேள்வியே கேக்க மாட்டாங்களாமே. உனக்கு ஒத்துவருமா?" என்றான் குழாய் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஹார்லன்.

"லாரியில உக்காந்தே படிச்சுக்கலாம்ல," என்றாள் வெர்னா. குன்றுக்கே பணம் கட்டினாள்.

அவளுக்கு வாய்த்த வழிகாட்டி ஜூனிபர். இருபத்தெட்டு வயசுப் பெண், அறைக்குள்ளும் கம்பளித் தொப்பியோடு இருப்பாள்.

"உங்களுக்குள்ள எரிஞ்சுக்கிட்டே இருக்கிற கேள்வி எது, வெர்னா?"

"எரியிறதுன்னா நெஞ்செரிச்சல்தான். மூணு வருஷமா இருக்கு."

ஜூனிபர் அதையும் பயபக்தியோடு குறித்துக்கொண்டாள். வெர்னா யோசித்துப் பார்த்தாள். "சரி, ஒண்ணு இருக்கு. ரோட்ட ஒட்டி அவங்கவங்க வீட்டுத் தபால் பெட்டிய நட்டு வச்சுட்டு, நான் இடிச்சுட்டேன்னு என்னைய ஏன் திட்டறாங்க?"

"அருமை!" என்று ஜூனிபர் கண்கலங்கினாள். பனியும் தபால் பெட்டியும் மனித சுபாவமும் வெர்னாவின் பாடமாயின.

பாடத்திட்டம் எழுதிப் பழக்கமில்லாததால் அரசுக் கல்லூரியின் கையேட்டைப் பார்த்து எழுதினாள். செவ்வாய் நாலிலிருந்து ஆறு வரை வகுப்பு. இடம், லாரி. ஆசிரியர் வெர்னா, மாணவி வெர்னா. நாலு நாள் வராவிட்டால் ஃபெயில்.

ஜனவரியில் நேர்ந்துகொண்டதுபோல் செவ்வாய்தோறும் புயல் வந்தது. நாலு மணிக்கு லாரியில்தான் இருப்பாள், ஆனால் கை ஸ்டியரிங்கில் இருக்கும். புத்தகம் பிரியவில்லை. பிரியாத நாளுக்கெல்லாம் நோட்டில் ஆப்சென்ட் போட்டாள். நாலாவது செவ்வாய் முடிந்ததும் ஃபெயில் என்று எழுதி, கையெழுத்திட்டு ஜூனிபரிடம் நீட்டினாள்.

"ஐயோ, நாப்பத்தோரு வருஷத்துல இங்க ஒருத்தரும் ஃபெயிலானதே இல்ல!"

"அப்ப ஒருத்தரும் ஒழுங்கா நோட்டு பாக்கலன்னு அர்த்தம்."

"நீங்க எழுதின விதிதானே? நீங்களே மாத்திக்கலாம்."

"பாதியில விதிய மாத்துறது மெர்ல் வேலை. நான் செய்ய மாட்டேன்."

ஜூனிபர் விடவில்லை. குறைதீர்க்கும் குழுவைக் கூட்டினாள். குழுவில் மூன்று ஓட்டு: மாணவிக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, மாணவி அழைத்துவரும் நண்பருக்கு ஒன்று. வெர்னா ஹார்லனைக் கூட்டிப் போனாள். அவன் மான்கறி சாண்ட்விச்சோடு வந்து உட்கார்ந்தான்.

மாணவிக்கான இடது நாற்காலியில் அமர்ந்து வெர்னா சொன்னாள்: "பனி கொட்டுச்சுங்க மேடம். ரோட்ட விட்டுட்டு எப்படிப் படிக்கறது?"

எழுந்து ஆசிரியருக்கான வலது நாற்காலிக்குப் போனாள். "ஜனவரியில பனி கொட்டும்னு உனக்குத் தெரியாதா? இருபத்துமூணு வருஷமா இதே ரோட்டுலதானே கிடக்க?"

மாணவி தன் நாற்காலிக்குத் திரும்பினாள். ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. எல்லோரும் ஹார்லனைப் பார்த்தார்கள்.

"டீச்சர் சொல்றதுதான் சரி," என்றான் அவன். "அந்தம்மாவுக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது."

"நானும்தானே வீட்டுக்கு வருவேன்?" என்றாள் மாணவி.

"நீ மன்னிச்சுருவ."

திரும்பும் வழியில் யார் மேலாவது கோபப்படலாம் என்று வெர்னா பார்த்தால், ஆள் கிடைக்கவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. அடுத்த இலையுதிர்காலத்தில் அரசுக் கல்லூரியில் சேர்ந்தாள்.

அங்கே சங்கடம் வேறு வகை. கல்லூரிக்குப் போகும் சாலையில் பனி தள்ளுவதும் அவள்தான். ஒரு டிசம்பர் காலை, கணக்குத் தேர்வுக்காக லீவு போட்டுவிட்டு, சக்கரத்தில் சங்கிலி கட்டி வந்து சேர்ந்தால், வகுப்பில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. பேராசிரியர் பெல்லோஸிடமிருந்து போன் வந்தது.

"ரோட்டுல பனி தள்ளவே இல்லையே, நான் எப்படி வர்றது?"

"தள்ற ஆளு இங்க உக்காந்திருக்கேன் சார்."

"அப்ப வந்து தள்ளுங்களேன்!"

"வந்தா ஆப்சென்ட் போடுவீங்களே."

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பனி நாட்களில் பெல்லோஸ் தன் வாசலில் நிற்பார், வெர்னா லாரியில் ஏற்றிக்கொள்வாள். லாரி முகப்பில் மாட்டிய பனிக்கலப்பை தார்ச்சாலையைப் பிராண்டும் சத்தத்துக்கு மேலே அவர் இயற்கணிதத்தைக் கத்துவார். வருகைப் பதிவும் அங்கேயே.

அந்தப் பருவத்தில் அவளுக்குக் கிடைத்தது சி கிரேடு. வெர்னா அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

"சி-க்கா இந்தக் கொண்டாட்டம்?" என்றான் ஹார்லன்.

"இத வேற ஒருத்தர் போட்டாருய்யா," என்றாள் அவள்.

பட்டம் வாங்க ஆறு வருஷம் ஆனது. மெர்ல் சொன்ன சொல் தவறாமல் அதுவரை தற்காலிக ஆட்களை வைத்தே ஓட்டியிருந்தார். பட்டமளிப்பு அன்று மேடையிலிருந்து பட்டியலைத் தட்டுத்தடுமாறிப் படித்து "வேரா டிபால்ட்" என்று கூப்பிட்டார்கள். யாரோ ஒரு பாவப்பட்டவள் பெயர் என்று நினைத்து வெர்னா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பின்வரிசையிலிருந்து ஹார்லன் கத்தினான்: "நீதான்டி! போ!"