தேவசுந்தரியின் டார்ட் பலகை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பிறரை மன்னிக்கிறோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் வரி வந்ததும் தேவசுந்தரி வாயை இறுக மூடிக்கொள்வாள். பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். கோதண்டபாணியை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

போன வருஷம், நாற்பத்தாறு ஐப்பசி மழையில், அவள் புருஷன் எலியாஸ் காய்ச்சலில் செத்துப்போனான். திருத்தணியில் அவர்கள் வீட்டுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே கோதண்டபாணியின் மாந்தோப்பு. தோப்போரப் பாதையில் காலம் காலமாக எல்லோரும்தான் நடந்தார்கள். சவப்பெட்டி கிளம்பும் நேரம் பார்த்து அந்த மனுஷன் பாதையை முள்வேலியால் அடைத்துவிட்டு, "எந்தப் பொணமும் என் தோப்புப் பக்கம் வரக் கூடாது" என்று நின்றான். ஏரிக்கரையைச் சுற்றி, முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவழியில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பெட்டி சேற்றில் இறங்கிவிட்டது. தேவசுந்தரி முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

நாற்பத்தேழு ஆடிக் கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. முள்வேலி அப்படியே இருந்தது. கொடியேற்றிக் கொடுத்த மிட்டாயைச் சப்பிக்கொண்டு கோதண்டபாணி தெருவில் போவதைப் பார்த்ததும் தேவசுந்தரிக்கு வயிறு எரிந்தது. எதையாவது விட்டெறிந்தால்தான் ஆறும் போலிருந்தது.

அப்போதுதான் டார்ட் பலகை ஞாபகம் வந்தது. யுத்த காலத்தில் எலியாஸ் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் முகாமில் பட்லர். முகாம் கலைந்தபோது அவர்கள் போட்டுவிட்டுப் போன பலகையையும் மூன்று குட்டி அம்புகளையும் கொண்டுவந்திருந்தான். தாம்பாளம் அகல வட்டம், கறுப்பும் சிவப்புமாகக் கட்டங்கள், சுற்றிலும் எண்கள். அம்புகளின் இறகு உதிர்ந்துபோனதால் கோழி இறகு கட்டி வைத்திருந்தான். ஆடத்தான் கொடுத்து வைக்கவில்லை.

ஒரு பெரிய ஆணியை அடித்து, கண் உயரத்துக்குப் பலகையை மாட்டினாள். தரையில் கரியால் கோடு கிழித்து நின்று, "கோதண்டபாணி!" என்று எறிந்தாள். அம்பு உறியில் போய்க் குத்தியது. அடுத்தது மண்சுவரைப் பெயர்த்தது. ஆத்திரத்தில் கையை முழுசாக வீசினால் அப்படித்தான். உடம்பு ஆடக் கூடாது, தோள் அசையக் கூடாது, முழங்கைக்குக் கீழேதான் வேலை என்று எலியாஸ் சொன்னது பிறகு நினைவுக்கு வந்தது. மூச்சை அடக்கி, கோலமாவை எடுப்பதுபோல விரல்நுனியில் பிடித்து எறிந்து பார்த்தாள். புரட்டாசிக்குள் அம்பு பலகையை விட்டுத் தப்புவது நின்றுபோனது. பெயர் சொல்லி எறிவது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் காணாமல்போன கோழியைத் தேடிக்கொண்டு வந்தாள் கோதண்டபாணியின் மனைவி கெங்கம்மாள். ஜன்னல் வழியே பார்த்தவளுக்குச் சூனியம் வைப்பதுபோலவே தெரிந்தது. சக்கரம் போட்டு, எண் எழுதி, இரும்பு ஊசியில் கோழி இறகு! அதோடு தன் புருஷன் பெயர்!

"எக்கா, இன்னாக்கா இது?"

"வெள்ளக்காரங்க வெளையாட்டு, கெங்கம்மா."

"எங்க ஊட்டுக்காரர் பேர ஏன் சொல்லிகினு இருக்கீங்க?"

"அவர நெனச்சா குறி தப்பறதில்ல."

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கெங்கம்மாள் கோழியை மறந்து ஓடினாள்.

அந்த வாரம்தான் மூட்டை தூக்கிக் கோதண்டபாணிக்கு இடுப்பு பிடித்திருந்தது. இப்போது காரணம் தெரிந்துவிட்டதே! மலையேறி முருகனிடம் முறையிட்டான். படியேறியதில் வலி இரண்டு மடங்கானதுதான் மிச்சம். ஆர்.கே.பேட்டை மந்திரவாதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது வெள்ளக்கார ஏவல், நமக்கு அடங்காது" என்று கையை விரித்துவிட்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எலியாஸின் வருஷ நினைவு நாளன்று காலை, கோதண்டபாணி இடுப்பைப் பிடித்தபடி அவள் வாசலில் வந்து நின்றான். அதுவரை அவளை "ஏய்" என்றே கூப்பிட்டவன்.

"தேவசுந்தரியம்மா, வேலிய நானே புடுங்கிட்டேங்க. அந்தச் சக்கரத்த எறக்கிடுங்க."

"அது வெறும் வெளையாட்டுங்க. உங்க இடுப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் அமைதியாகச் சொன்னதில் அவனுக்கு இன்னும் வியர்த்தது. "இன்னா செய்யணும், சொல்லுங்க. செய்யறேன்."

கல்லறையில் நடுவதற்குச் செய்து வைத்திருந்த மரச்சிலுவை சுவரோரம் சாய்ந்திருந்தது. தேவசுந்தரி அதைக் காட்டினாள். "தூக்கினு வாங்க."

தோளில் ஏற்றிக்கொண்டு தோப்புப் பக்கம் திரும்பினான்.

"அந்த வழி இல்லீங்க. ஏரிக்கர வழி."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சேற்றில் இறங்கினான். ஊர் ஜனம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. பெட்டி விழுந்த இடத்திலேயே அவனும் வழுக்கி விழுந்தான். யாரும் சொல்லாமலே எழுந்து, மேல்துண்டை எடுத்துச் சிலுவையைத் துடைத்தான். பின்னால் வந்த தேவசுந்தரி நின்று, அவன் துடைத்து முடிக்கும்வரை பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

சாயங்காலம் அவன் எதிரிலேயே பலகையை இறக்கித் துணிப்பெட்டியில் வைத்தாள்.

"அந்த ஆணியும்..." என்று இழுத்தான் கோதண்டபாணி.

"அது இருக்கட்டுங்க" என்றாள் தேவசுந்தரி.